அரை வாளி சோப்பு

வெள்ளைப் பசை செய்கிற அந்தத் தொழிற்சாலையில் மூத்தவளுக்குப் பதினோரு வருஷம் சர்வீஸ். அவளுடைய ஓரகத்திக்கு நாலு வருஷம். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வீடு. கீழே மாமியாரும் மூத்தவள் குடும்பமும், மாடியில் இளையவள் குடும்பம், அடுப்பு மட்டும் ஒன்று. இளையவள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, மாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டீ என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார். அதே தூள், அதே பால், அதே பாத்திரம். மூத்தவள் போட்ட டீயை ஒன்பது வருஷம் வாயைத் திறக்காமல் குடித்த மனுஷி அவர். அன்றைக்குப் பிடித்தது மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல். பிறகு எதைத் தொட்டாலும் அதுதான். மூத்தவள் பத்து நாள் தேடிய பீரோ சாவியை இளையவள் வந்து பத்து நிமிஷத்தில் எடுத்தாள். இளையவள் காயப்போட்ட துணி சீக்கிரம் உலர்ந்தது. மூத்தவளின் மகளே கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் படியேறி மாடிக்குப் போனாள். இதையெல்லாம் வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை, உள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

அப்படிப்பட்டவளை ஏன் தானே கூட்டிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கொழுந்தனுக்கு ஒத்தாசை என்று பதில் சொல்லுவாள். உண்மைக் காரணம் வேறு. நாள் முழுக்க வீட்டில் விட்டுவைத்தால் மாமியாரை முழுசாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள் என்ற பயம். கண்ணெதிரே இருந்தால் கண்காணிக்கலாம் என்று நினைத்தாள். வீட்டில் மட்டும் இருந்த எரிச்சல் அதற்குப் பிறகு வேலையிடத்துக்கும் வந்து சேர்ந்தது.

தொழிற்சாலையில் மூத்தவள் சும்மா வந்து உட்கார்ந்தவள் அல்ல. முதல் இரண்டு வருஷம் டிரம் கழுவினாள். பசை காய்ந்து ஒட்டிய டிரம்மை உள்ளே குனிந்து சுரண்டிச் சுரண்டி இடுப்பு விட்டுப்போனது. அடுத்த இரண்டு வருஷம் வடிகட்டுகிற துணியைப் பிடித்தாள். ஒருநாள் கரண்ட் போனது. பசை காய்ச்சுகிற பெரிய கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். கலக்கி நின்றது, உள்ளே இருந்த சரக்கு சூடேறியது. யாரும் சொல்லாமலே மூத்தவள் மேடையில் ஏறி, மோனோமர் என்கிற மூலச்சரக்கு சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடி, கெட்டிலைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டைக்குள் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டாள். கெட்டில்காரர் திரும்பி வந்து அவளைத் திட்டினார். கெமிஸ்ட் வந்து கெட்டில்காரரைத் திட்டினார். கெட்டில்காரர் வேலையை விட்டுப் போனதும் கெட்டில் அவள் கைக்கு வந்தது.

மூன்று டன் கெட்டில் அது. காலையில் அதில் தண்ணீர் விட்டு, சோப்பு விட்டு, சூடேற்றவேண்டும். சோப்பு என்றால் துணி துவைக்கிற கட்டி அல்ல; தேன் நிறத்தில், தேனைப் போலவே கெட்டியாக ஒழுகுகிற கரைசல். தண்ணீருக்குள் போன சோப்பு சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகளாகக் கூடி நிற்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் மோனோமர். வினைல் அசிடேட் என்று டிரம்மில் எழுதியிருக்கும். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தாலும், அழுகத் தொடங்கும் பழத்தின் இனிப்பு வாடையோடு மூக்கைக் குத்தும். அந்த மோனோமர் தனித்தனி ஆள், யாரோடும் சேராத ஆள். அதோடு ஒரு வெள்ளை உப்பைக் கரைத்து ஊற்றினால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள ஆரம்பிக்கும். கிளப்புகிற உப்பு என்று தொழிலாளிகள் சொல்லுவார்கள். சோப்பு கட்டிய அறைகளுக்குள் மோனோமர் குடிபுகுந்து, அங்கேயே சங்கிலி சங்கிலியாக நீண்டு, ஒவ்வொரு அறையும் பாசிமணி மாதிரி ஒரு மணி ஆகிவிடும். கோடிக்கணக்கான மணிகள் தண்ணீரில் மிதப்பதைத்தான் நாம் வெள்ளைப் பால் என்கிறோம். அந்தப் பால்தான் மரத்தை ஒட்டும் பசைக்கும் சுவருக்குப் பூசும் பெயின்ட்டுக்கும் அடிப்படை.

பால் எழும்புகிற நேரம் ஒன்று உண்டு. சாம்பல் தண்ணீராக இருந்தது திடீரென்று லேசாக நீலம் பூத்து, பிறகு வெளுக்கும். வெப்பமானி முள் தானாக ஏறும். அதைக் கண்ணாடித் துவாரம் வழியே பார்த்துச் சொல்லவேண்டும். அதன் பிறகு மிச்ச மோனோமரைச் சொட்டுச் சொட்டாக நாலு மணி நேரம் இறக்கவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சூடு தலைக்கேறும். சோம்பினால் கட்டி தட்டும். கடைசியில் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டு வேகவைத்து, வாடை போக்கி, ஆறவைத்து, துணியில் வடிகட்டினால் அன்றைய பாடு முடிந்தது. வடிகட்டும் துணியில் எவ்வளவு கட்டி நிற்கிறதோ அவ்வளவு கெட்டில்காரரின் குற்றம்.

இளையவள் இரண்டே வருஷத்தில் இதையெல்லாம் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கெமிஸ்ட் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரு நாள் மூத்தவள் கெட்டில் பிடித்தால் இளையவள் எடை போட்டுக் கொடுப்பாள், மறுநாள் மாறும். எடை போட்டவள் தாளில் தன் எழுத்தில் எடையை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், ஊற்றியவள் கீழே போடவேண்டும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் புது கெட்டில் வந்தது. எட்டு டன். லாரியிலிருந்து கிரேனில் இறக்கும்போது தொழிற்சாலையே வெளியே வந்து நின்று பார்த்தது. பழைய கெட்டிலை நிறுத்திவிடுவதாகவும், புதியதற்கு ஒரே பொறுப்பாளர் என்றும் முதலாளி சொல்லிவிட்டுப் போனார். யார் என்பது கெமிஸ்ட்டின் முடிவு. கெமிஸ்ட் நேர்மையான ஆள், வழுக்கைத் தலை, யார் மனமும் நோகக் கூடாது என்று எதையும் அளந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லுகிறவர். இருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று பாட்ச் போடச் சொன்னார். ஒரே தாள், ஒரே அளவு. துணியில் நிற்கும் கட்டியை நிறுத்துப் பார்ப்பாராம், மிச்ச வாடை பார்ப்பாராம். யார் கை சுத்தமோ அவருக்குப் புது கெட்டில். மற்றவருக்கு எடை வேலை, நிரந்தரமாக.

மூத்தவளுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. இளையவள் மேடையில் நின்று கைநீட்ட, தான் கீழே நின்று வாளி எடுத்துக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தாள். வீட்டில்தான் இரண்டாம் இடம் என்றாகிவிட்டது. இங்கேயாவது தலை நிமிர்ந்து நிற்க ஓர் இடம் இருந்தது. அதுவும் போனால் பிறகு எங்கே போய் நிற்பது?

முதல் இரண்டு பாட்சும் முடிந்தன. கட்டியின் எடையில் இருவருக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. கெமிஸ்ட் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, மூன்றாவதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார்.

ஒவ்வொரு பாட்சிலும் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து வைப்பது வழக்கம். மூத்தவள் தன் பாட்டிலைக் கழுவுகிற தொட்டி ஓரத்தில், வெள்ளை ஓட்டின்மேல் வைப்பாள். கை நீட்டினால் தண்ணீர். இளையவள், பாட்டில் வழுக்கித் தொட்டியில் விழுந்துவிடும் என்று பயந்து, ஜன்னலோரம் இருந்த கறுப்புக் கல் மேடையில் வைப்பாள். பழைய கெட்டில் பிடித்த ஏழு வருஷமும் மூத்தவள் கெட்டிலுக்குள் பார்த்தாளே தவிர பாட்டிலைப் பார்த்ததில்லை. போட்டி என்று வந்த பிறகுதான் பாட்டிலைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்தால், இளையவளின் பாலில் மெல்லிய நீலம் ஓடியது. விடியற்காலை வானத்தைப் போல ஒரு நீலம். தன் பாட்டிலைப் பார்த்தாள். வெறும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மஞ்சள் மாதிரிகூட இருந்தது.

அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். டப்பாவில் அடைக்கிற பெண்களில் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னக்கா பால் எப்படி நீலம் அடிக்குது பாரு. பெரியக்காது சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேலிக்குத்தான் சொன்னாள். மூத்தவளுக்கு அது முள்ளாகத் தைத்தது.

நீலம் என்றால் மணி பொடி என்று அர்த்தம். மணி பொடி என்றால் அறை அதிகம். அறை அதிகமாக வேண்டுமானால் சோப்பு அதிகம் வேண்டும். மூத்தவளுக்கு இது தெரியும். தாளில் உள்ள பதினாலு கிலோவுக்கு மேல் இளையவள் ரகசியமாகச் சேர்க்கிறாள் என்று முடிவுக்கு வர அவளுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. கண்கொத்திப் பாம்பாக ஒரு வாரம் கவனித்தாள். இளையவள் கெட்டில் பிடித்த நாளில் எடை போட்டது மூத்தவள்தான். பதினாலு என்றால் பதினாலு. அதற்கு மேல் ஒரு சொட்டு போனதாகத் தெரியவில்லை. சந்தேகம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். மூத்தவளுக்கோ வலுத்தது. இவ்வளவு கவனித்தும் கண்ணில் படவில்லை என்றால் எவ்வளவு கைகாரி!

மூன்றாவது பாட்ச் மூத்தவளுடையது முதலில். இளையவள் சோப்பைப் பதினாலு கிலோ நிறுத்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு மேடைக்குக் கொண்டுவந்து வைத்தாள். டீ இடைவேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். மூத்தவள் எடை அறைக்குப் போய், சோப்பு டிரம்மின் குழாயைத் திறந்து அரை வாளி பிடித்தாள். அது மெதுவாக ஒழுகியது. ஒழுகி முடிவதற்குள் அவளுக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. மேடையேறி, பதினாலு கிலோவோடு அதையும் கெட்டிலுக்குள் கவிழ்த்தாள். அவள் கணக்கில் அது மூன்று கிலோ. ஆறு கிலோ என்று பின்னால் தெரிந்தது.

பால் எழும்பியபோது அவள் மூச்சே நின்றது. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு நீலத்தை அவள் கண்டதில்லை. வெளுக்கவே மனமில்லாத மாதிரி நீலமாகவே நின்றது. வயிறு குளிர்ந்தது அவளுக்கு. அப்போது இளையவள் கீழே உப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

இரண்டாம் மணி நேரத்தில் கலக்கியின் சத்தம் மாறியது. முதலில் ஒரு முனகல், பிறகு மோட்டார் சுமை தூக்குகிறவன் மாதிரி இழுத்தது. துவாரத்தில் பார்த்தால் நடுவில் சுழி இல்லை. நுரை மட்டும் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. அறை அதிகம், மணி பொடி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர இடமில்லாமல் பால் கெட்டித்துக்கொண்டிருந்தது. மூத்தவளுக்குப் புரிந்தது. கைதான் ஓடவில்லை. இளையவள் சத்தத்தைக் கேட்டு இரண்டு படிக்கு ஒரு படியாகத் தாவி மேலே வந்தாள். அவளே மோனோமர் குழாயை மூடினாள், அவளே குளிர்ந்த தண்ணீரைத் திறந்தாள். கெமிஸ்ட் ஓடிவந்து சுத்தத் தண்ணீர் விடச் சொன்னார். இருநூறு லிட்டர் விட்ட பிறகுதான் கலக்கி மூச்சு விட்டது. மீதி மோனோமரை மாலை வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். கடைசியில் வந்தது பால் அல்ல, வெண்ணெய். துணியில் ஊற்றினால் இறங்க மறுத்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.

கெமிஸ்ட் தாளை எடுத்தார். சோப்பு டிரம்மை நிறுத்துப் பார்க்கச் சொன்னார். கணக்குக்கு ஆறு கிலோ குறைந்தது. அவர் எடை வரிசையில் இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்து இளையவளைப் பார்த்தார்.

"பதினாலுதான் சார் போட்டேன்" என்றாள் இளையவள். தாளில் இருந்த தன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மூத்தவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புது கெட்டில் தானாக நடந்து தன் பக்கம் வருவது அவளுக்குத் தெரிந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சும்மாதானே நிற்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக் காலையில் முடிவு சொல்வதாகக் கெமிஸ்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். இளையவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள், அது தன் கைதானா என்பது போல.

வீட்டில்தான் நிலைமை தலைகீழானது. விஷயம் தெரிந்ததும் மாமியார் இளையவளைக் கூடத்தில் உட்காரவைத்து, தானே எழுந்துபோய்ச் சூடாகப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டிவலி என்று மூன்று வருஷமாக அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்டாதவர். கொழுந்தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கெட்டில் போனால் மயிர் போச்சு என்று ஆறுதல் சொன்னான். மூத்தவளின் மகள் சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டாள். மூத்தவளின் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, அது சின்னப் பெண், எடை போடும்போது நீ ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா என்று இவளைக் கேட்டார். பாழானது இவளுடைய பாட்ச். மாலை முழுக்கக் கெட்டில் மேடையில் வெந்தது இவள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒருவர் கேட்கவில்லை.

பாவம் இவளுடையது, பரிதாபம் அவளுக்கு. பாத்திரம் கழுவும்போது மூத்தவள் கரண்டியைத் தொட்டியில் கொஞ்சம் பலமாகவே போட்டாள். சத்தம் போடாதே, அவள் தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று மாமியாரின் குரல் வந்தது.

மறுநாள் காலையில் கெமிஸ்ட் இருவரையும் ஆய்வறைக்குக் கூப்பிட்டார். மூத்தவள் புடவையை நன்றாக இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நல்ல செய்தியை வாங்கிக்கொள்ளப் போகிறவள் போல. கெமிஸ்ட் மேஜையில் அந்த வெண்ணெயைத் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மரத்துண்டு. கரைத்ததை அதில் தடவியிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி இருந்தது.

இவ்வளவு பொடியான மணி இந்தத் தொழிற்சாலையில் இதுவரை வந்ததே இல்லை என்றார். பசைக்கும் பெயின்ட்டுக்கும் உதவாது, கெட்டித்துவிடும். ஆனால் தண்ணீர் கூட்டிக் கரைத்தால் மரத்தின் ஒவ்வொரு நுண்துளைக்குள்ளும் இறங்குகிறது. மரத்துக்கு முதல் பூச்சாக இப்படி ஒன்றைத்தான் அவர் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். பேசிக்கொண்டே இளையவள் பக்கம் திரும்பினார். "உன் கை தவறினதும் நல்லதுக்குத்தான் தவறியிருக்கு. சின்னக்கா பூச்சுன்னே பேர் வெச்சிடலாமா?" என்று சிரித்தார்.

இளையவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரித்துவைத்தாள்.

மூத்தவளுக்குக் காதுமடல் சூடானது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் புது கெட்டில் அவளுடையது. எடையில் தவறுகிற கைக்கு எட்டு டன் கெட்டிலைக் கொடுக்கமாட்டார்கள். பூச்சு வேறு, பொறுப்பு வேறு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. டீ போனது, சாவி போனது, மாமியார் போனார், நேற்றுப் பரிதாபமும் போனது. அந்த நீலத்தையுமா? தான் கண்ணால் கண்டு மூச்சு நின்ற நீலம் அது.

"சார், அது என் கை" என்றாள்.

கெமிஸ்ட்டுக்குப் புரியவில்லை.

"அந்த ஆறு கிலோ நான் போட்டது. டீ நேரத்துல. அவ சரியாத்தான் எடை போட்டா. இந்தப் பால் என் பால் சார்."

கெமிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் போட்டாய் என்று கேட்டார், திட்டுவதற்காக அல்ல, நிஜமாகவே தெரியாமல். மூத்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவ பாட்டில் நீலமா இருந்துச்சு" என்றாள். இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது, சொல்லிக் கேட்டபோது.

கெமிஸ்ட் எழுந்துபோய்த் தொட்டி ஓரத்து வெள்ளை ஓட்டிலிருந்து அவளுடைய இரண்டு பழைய பாட்டில்களையும் எடுத்துவந்தார். ஜன்னலோரக் கறுப்புக் கல்லில், இளையவளின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். நாலும் நீலமாக இருந்தன. எது யாருடையது என்று சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். கறுப்புக்கு முன்னால் வைத்தால் பொடிமணிப் பால் எல்லாமே நீலம் காட்டும், வெள்ளைக்கு முன்னால் வைத்தால் காட்டாது என்று கெமிஸ்ட் மெதுவாகச் சொன்னார். மூத்தவள் தன் பாட்டிலைக் கையில் எடுத்து வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்தாள். திரும்பக் கறுப்புக் கல்லுக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு முறை செய்து பார்த்தாள்.

பிறகுதான் கெமிஸ்ட்டுக்குக் கோபம் வந்தது. நுரை மேலே போய்க் குளிர்விக்கும் குழாயை அடைத்திருந்தால் கெட்டிலுக்கு மூச்சுப்போக வழி இருந்திருக்குமா, வெடித்திருக்காதா என்று கேட்டார். மேடையில் அப்போது இரண்டு பேர் நின்றிருந்தார்கள் என்று நினைவூட்டினார். தாளில் இல்லாத ஒரு சொட்டை ஊற்றுகிறவர் கையில் எட்டு டன்னைக் கொடுக்கமுடியாது என்று சொல்லி, தாளையும் பேனாவையும் நீட்டினார். மூத்தவள் பதினாலை அடித்துவிட்டு இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அந்தப் பூச்சுக்கு இனிமேல் யார் பேர் என்று கேட்டாள். பேரெல்லாம் கிடையாது, நம்பர்தான் என்றார் கெமிஸ்ட்.

வெளியே வந்ததும் இளையவள் வழியை மறித்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து மூத்தவள் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"ராத்திரி பூரா என் கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன்க்கா. கீழதான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பொறாமை என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எதிரில் நிற்பவளிடம் எப்படிச் சொல்வது? இளையவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எடைத் தவறு வேறு யாரோ செய்தது என்று மட்டும் சொன்னாள். ஆனால் பதினேழு நாள் மூத்தவளோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். டீயை மட்டும் வழக்கம்போல் போட்டு, மூத்தவள் தம்ளரை ஒரு சொல்லும் இல்லாமல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். மூத்தவள் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆற்றமுடியவில்லை.

புது கெட்டில் இளையவளுக்குப் போனது. தொழிற்சாலையில் ஒரு புது விதியும் வந்தது. எடை போட்டவர் ஒரு முறை, ஊற்றுகிறவர் ஒரு முறை, எல்லாச் சரக்கையும் இரண்டு முறை நிறுக்கவேண்டும். மேடையிலேயே ஒரு தராசை வைத்தார்கள். அது யாரால் வந்த விதி என்று எல்லோருக்கும் தெரியும். டப்பா அடைக்கிற பெண்கள் அந்தத் தராசுக்குப் பெரியக்கா என்றே பேர் வைத்திருந்தார்கள்.

முதல் பாட்ச் அன்று மேடையைச் சுற்றிக் கூட்டம். முதலாளிகூட வந்து ஓரமாக நின்றார். மூத்தவள் கீழே எடை அறையில் சோப்பு நிறுத்தாள். புது கெட்டிலுக்கு முப்பத்தேழு கிலோ, மூன்று வாளி. குழாயை மூடி, கடைசிச் சொட்டு விழும்வரை நின்று, முள் நிற்கும்வரை நின்று, எழுதினாள். மூன்று வாளியையும் ஒவ்வொன்றாகப் படியேற்றினாள். ஏழு வருஷமாக ஏறிய படி இல்லை இது, இரும்பு வாசனை போகாத புதுப் படி. இளையவள் புது ஏப்ரனும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நின்றாள். அழகாகத்தான் இருந்தாள்.

அவள் முதல் வாளியைத் தூக்கினாள். தராசுப் பக்கம் போகவில்லை. நேராகக் கெட்டிலின் வாய்க்குக் கொண்டுபோனாள். கீழேயிருந்து கெமிஸ்ட் தராசைச் சுட்டிக்காட்டினார்.

"அக்கா போட்டா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள் இளையவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பதினேழு நாளுக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் அக்கா. நம்பிச் சொன்னாளா, இளக்காரமாகச் சொன்னாளா என்று மூத்தவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவானாலும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கீழே நின்ற பெண்கள் இளையவளை எப்படிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் கவனித்தாள். எவ்வளவு பெரிய மனசு என்கிற பார்வை. கெட்டிலும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கா? இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் காலம் முழுக்க அவள் நம்பிக்கையில் பிழைக்கிற பிழைப்புத்தான்.

மூத்தவள் எட்டி வாளியின் பிடியைப் பிடித்தாள்.

"தராசுல வெச்சுப் பார்த்து ஊத்து" என்றாள்.

"பரவாயில்லக்கா."

"பரவாயில்லைன்னு நீ சொல்லாத. தராசு சொல்லட்டும்."

இருவரும் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்கள். பிறகு இளையவள் விட்டுக்கொடுத்து வாளியைத் தராசில் வைத்தாள். முள் துள்ளி, ஆடி, நின்றது. தாளில் எழுதியதைவிட ஒரு கோடு அதிகம் காட்டியது. இளையவள் தாளையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே யாரோ செருமினார்கள்.

மூத்தவள் குனிந்து பார்த்தாள். வாளியின் அடியில், தூக்கி வரும்போது தேங்கிய தண்ணீரில் வைத்ததில், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த துணியை உருவி, வாளியைத் தூக்கி அடியைத் துடைத்தாள். விளிம்பைத் துடைத்தாள். தராசுத் தட்டையும் துடைத்தாள். திரும்ப வைத்தாள். முள் இறங்கிவந்து அவள் எழுதிய எண்ணின்மேல் அசையாமல் நின்றது.

அவள் அதை இளையவள் பார்க்கும்வரை விடவில்லை. கெமிஸ்ட் படியேறி வந்து பார்க்கும்வரையும் விடவில்லை.

"இப்ப ஊத்து" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வாளியை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.